இந்த ரூபாய் யார் கணக்கில்? தேர்தல் பண வழக்குகளைப் படிக்க, டெல்லிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"அண்ணா, இந்தத் தேர்தல் பணம் சம்பந்தமான கேஸெல்லாம் எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கறது?"

வருஷத்துக்கு ஒருவராவது என்னைப் பிடித்து இதைக் கேட்டுவிடுகிறார். சட்டக் கல்லூரி முடித்து இங்கே ஒரு சீனியர் வக்கீலின் சேம்பரில் ஒட்டிக்கொண்ட தம்பி, சென்னையிலிருந்து டெல்லி பீரோவுக்கு மாற்றலாகி வந்த நிருபர், தேர்தல் சமயத்தில் தன்னார்வலராகப் போக ஆசைப்படும் கல்லூரிப் பெண் என்று ஆள்தான் மாறுவார்கள். நான் வக்கீல் இல்லை. நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். ஆர்.கே.புரம் மலை மந்திர் படிக்கட்டில் உட்கார்ந்து பலமுறை சொன்னதை ஒரு தடவை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

படிக்க ஆரம்பிக்கும் முன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்: "இந்த ரூபாய் யார் கணக்கில்?" வேட்பாளர் கணக்கிலா, கட்சிக் கணக்கிலா, ஒரு கம்பெனியின் கணக்கிலா, சர்க்கார் கஜானாவிலா, அல்லது யார் கணக்கிலுமே ஏறாத ரூபாயா? ஐம்பது வருஷ வழக்குகளில் நீதிபதிகள் மல்லுக்கட்டியது பெரும்பாலும் இந்த ஒன்றோடுதான். கேள்வியை விட்டுவிட்டுப் படித்தால் பிரிவு எண்களும் ஷரத்து எண்களும் கண்ணைக் கட்டிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்க வழக்குகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அங்கே 1976-ல் பக்லி வழக்கில், வேட்பாளருக்குத் தரும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக்கூடாது என்றார்கள். நம் சட்டம் ஏறக்குறைய தலைகீழ். வேட்பாளரின் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு இல்லை. இங்கே நடக்கும் சண்டையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் நடக்கிறது.

முதலில் மடித்து வைக்க வேண்டிய பக்கங்கள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. இதன் சிறு பதிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். முழுதும் படிக்க வேண்டாம். பிரிவு 77 வேட்பாளர் கணக்கு வைப்பது பற்றியது: மனுத் தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை ஆகும் செலவு. "மனுத் தாக்கல் முதல்" என்பதன் கீழே கோடு போடுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பே சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தாலும் அது இந்தக் கணக்கில் வராது. பிரிவு 78, முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காதவரை 10ஏ பிரிவின்படி தேர்தல் ஆணையம் மூன்று வருஷத்துக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். வரம்பைத் தாண்டிச் செலவழிப்பது 123(6)-இன்படி ஊழல் நடவடிக்கை. கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் நன்கொடையைத் தெரிவிப்பது 29சி. விளம்பரத்துக்கு 126-ம் 127ஏ-வும்.

2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட வரம்புப்படி, டெல்லியில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய். இந்த இரண்டு எண்களும் மனப்பாடமாக இருக்கட்டும்.

தீர்ப்பைத் தேடி எடுப்பது

உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகளைக் காசில்லாமல் இறக்கலாம். பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. தமிழில் படித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் மேற்கோள் காட்டும்போது ஆங்கில மூலத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். செல்லுபடியாவது அதுதான்.

வழக்குப் போட்டவர் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2015 மே மாதம், காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு அரசு விளம்பரங்கள் பற்றித் தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்த அன்று அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். என் பழைய குறிப்பில் "காமன் காஸ்" என்று இருந்த ஒரு வரியை அப்படியே எடுத்துச் செய்திக்குள் செருகிவிட்டேன். அது 1996-ல் கட்சிகளின் வருமான வரி பற்றி வந்த காமன் காஸ் தீர்ப்பின் வரி! அச்சுக்குப் போகும் முன் டெஸ்க்கில் இருந்த அக்கா ஒருவர் பிடித்தார். "தம்பி, இந்தக் காமன் காஸ் வேற, அந்தக் காமன் காஸ் வேற" என்று அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வழக்கு எண்ணும் தேதியும் இல்லாமல் எதையும் குறித்து வைப்பதில்லை. இப்போதைய தீர்ப்புகளுக்கு நீதிமன்றமே தரும் நடுநிலை மேற்கோள் எண் இருக்கிறது. தேர்தல் பத்திரத் (பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர ஸ்டேட் வங்கி விற்ற பத்திரம்) தீர்ப்புக்கு 2024 ஐ.என்.எஸ்.சி. 113. இதைத் தட்டினால் வேறு எதுவும் வந்து குழப்பாது.

சதர் பஜாரிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் தேர்தல் பத்திரத் தீர்ப்பிலிருந்து தொடங்கத்தான் ஆசைப்படுகிறார்கள். வேண்டாம். 1974-க்குப் போங்கள்.

1971 மக்களவைத் தேர்தல். தொகுதி, டெல்லி சதர். காங்கிரசின் அமர்நாத் சாவ்லா ஜெயிக்கிறார், ஜனசங்கத்தின் கன்வர்லால் குப்தா தோற்கிறார். சாவ்லா வரம்பை மீறிச் செலவழித்தார் என்று குப்தா வழக்குப் போடுகிறார். இது கட்சி செய்த செலவு, நான் செய்ததல்ல என்பது எதிர்வாதம். 1974 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பகவதி. ஒரு வேட்பாளருக்காகக் கட்சி செலவழிக்கிறது, வேட்பாளர் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார், வேண்டாமென்று சொல்லவில்லை என்றால், அதற்கு அவர் அனுமதி கொடுத்ததாகத்தான் அர்த்தம். ஆகவே அந்த ரூபாய் அவர் கணக்கில் ஏறும். கட்சியின் பொதுவான பிரசாரம் வேறு, குறிப்பிட்ட வேட்பாளருக்கான செலவு வேறு என்றும் பிரித்தார்கள். சாவ்லாவின் வெற்றி ரத்தானது.

இந்தத் தீர்ப்பைப் படித்த கையோடு ஒருநாள் சதர் பஜாருக்குப் போய்விட்டு வாருங்கள். தொகுதி 2008 மறுவரையறையில் காணாமல் போய்விட்டது, பஜார் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளுக்குத் தேர்தல் கொடி, தொப்பி, பேட்ஜ், துண்டு போகும் மொத்தச் சந்தை அதுதான். தேர்தல் நேரத்தில் ஒரே கடையில் எல்லாக் கட்சிக் கொடியும் அக்கம்பக்கமாகத் தொங்கும். ஒரு வண்டி கொடி வாங்குகிறவர் பில்லை யார் பெயரில் போடச் சொல்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். பகவதியின் தீர்ப்பு அப்படியே கண்முன் நடக்கும்.

தீர்ப்பு வந்த அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு நாடாளுமன்றத் திருத்தம். பிரிவு 77-க்கு "விளக்கம் 1" என்று ஒன்றைச் சேர்த்து, கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் வராது என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்குக் கதவு வைத்துவிட்டுப் பின்சுவரை இடித்த கதை. நல்லதம்பி தேரா என்பவர் இந்த விளக்கத்தை எதிர்த்துப் போனார். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து வாடை அடிக்கிறதா? அவர் மனு 1985-ல் தோற்றது. விளக்கம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

அப்புறம் 1996 ஏப்ரல் 4, எனக்குத் திட்டு வாங்கிக்கொடுத்த அந்தக் காமன் காஸ். நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. கட்சிகள் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருந்த காலம் அது. கணக்கை ஒழுங்காக வைத்துத் தணிக்கை செய்து காட்டாத கட்சி, "இது எங்கள் செலவு" என்று சொல்லி வேட்பாளருக்கு விளக்கம் 1-இன் நிழலைக் கொடுக்க முடியாது என்றது தீர்ப்பு. கட்சிக் கணக்கு என்று ஒன்று நிஜமாகவே இருந்தால்தானே ரூபாயை அதில் எழுத முடியும்.

2003-ல் நாடாளுமன்றமே அந்த விளக்கத்தை மாற்றிச் சுருக்கியது. இன்று விதிவிலக்கு நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவுக்கு மட்டும்தான். அங்கீகாரம் பெற்ற கட்சிக்கு 40 பேர், மற்றப் பதிவுபெற்ற கட்சிக்கு 20 பேர். நடைமுறையில் இதை எப்படிப் பார்ப்பது? தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினால் அது கட்சிக் கணக்கு. மேடையில் வேட்பாளரும் ஏறி நின்றாலோ, பின்னால் பேனரில் அவர் படம் இருந்தாலோ, பந்தல், நாற்காலி, மைக் செட் செலவு அவர் தலையில் விழும். சில கூட்டங்களில் தலைவர் பேசி முடிக்கும் வரை வேட்பாளர் மேடைப் பக்கமே வராமல் கீழே நிற்பது ஏன் என்று இப்போது புரியும். அடக்கம் என்று நினைத்துச் செய்தி எழுதிவிடாதீர்கள்.

தேர்தல் பத்திரம்: 232 பக்கங்களை எப்படிக் கடப்பது

2024 பிப்ரவரி 15. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, கவாய், பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா. ஐந்து பேரும் ஒரே முடிவு. இரண்டு தீர்ப்புரைகள்: தலைமை நீதிபதி நால்வருக்காக எழுதியது ஒன்று, கன்னா தனியாக எழுதியது ஒன்று.

முதல் பக்கத்திலிருந்து நேராகப் படித்தால் நாற்பதாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். என் வழி வேறு. கடைசியில் இருக்கும் உத்தரவுகளை முதலில் படியுங்கள்: திட்டம் ரத்து, ஸ்டேட் வங்கி பத்திரம் விற்பதை நிறுத்த வேண்டும், 2019 ஏப்ரல் 12 முதல் விற்றது, பணமாக்கியது எல்லாவற்றையும் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க வேண்டும், ஆணையம் வெளியிட வேண்டும். அடுத்து கன்னாவின் தீர்ப்புரை, அது குட்டையானது. அதற்குப் பிறகு பெரியதற்கு வந்தால் பாதை தெரிந்த ஊருக்குள் நடப்பது மாதிரி இருக்கும்.

பெரியதில் மூன்று இடத்தில் நின்று படியுங்கள். வாக்காளர் ஓட்டுப் போடுவது வேட்பாளருக்கா, கட்சிக்கா என்று விசாரிக்கும் பகுதி முதலாவது. 2002-லும் 2003-லும் இதே உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சொத்து, குற்ற வழக்கு விவரங்களைத் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை, அது அரசியல் சாசனத்தில் பேச்சுரிமை தரும் 19(1)(ஏ)-க்குள் வருகிறது என்று சொல்லியிருந்தது. இங்கே அந்த உரிமை கட்சியின் பணப்பெட்டி வரைக்கும் நீள்கிறது. சதர் பஜாரில் ஆரம்பித்த வேட்பாளர்–கட்சி பஞ்சாயத்துக்கு இது அடுத்த சுற்று.

இரண்டாவது, நன்கொடை கொடுப்பவரின் அந்தரங்கம் பற்றிய பகுதி. அரசுத் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகப் படிக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் வெங்கட்ரமணி, புதுச்சேரிக்காரர், கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று அறியும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். இன்ன கட்சிக்குக் கொடுத்தான் என்று தெரிந்தால் எதிர்க்கட்சி பழிவாங்கும் என்ற பயத்தை நீதிமன்றம் முழுதாகத் தள்ளிவிடவில்லை. அரசியல் சார்புக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் அறியும் உரிமைக்கும் நடுவே தராசு பிடிக்கிறது. சிறு தொகை கொடுப்பவரின் அந்தரங்கத்துக்கு 29சி-யின் 20,000 ரூபாய் எல்லையே போதும் என்ற இடத்தை அடிக்கோடிடுங்கள்.

மூன்றாவது, கம்பெனி நன்கொடை. முன்பு ஒரு கம்பெனி தன் கடைசி மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். 2017 நிதிச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவும் கொடுக்கலாம் என்றானது. இதைத் தன்னிச்சையானது என்று அடித்தார்கள். அதே சட்டம்தான் 29சி-யையும் திருத்திப் பத்திர நன்கொடையை மறைத்தது. தேர்தல் ஆணையமே 2017-ல் அந்தத் திருத்தத்தைப் பின்னோக்கிய நடவடிக்கை என்று அரசுக்கு எழுதியிருந்தது. மறந்துபோகும் தகவல், குறித்து வையுங்கள்.

படித்து முடித்த பிறகுதான் வேடிக்கை. ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது; மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14-ல் ஆணையத்தின் தளத்தில் வாங்கியவர் பட்டியல் ஒன்று, பணமாக்கிய கட்சிகள் பட்டியல் ஒன்று. இரண்டையும் இணைக்கும் பத்திர எண் இல்லை. நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு மார்ச் 21-ல் எண்களோடு வந்தது. அந்த இரண்டாவது தொகுப்பை இறக்கி, பத்திர எண்ணின் முன்னெழுத்தையும் எண்ணையும் சேர்த்து இரண்டு பட்டியலிலும் தேடிப் பொருத்திப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 2019 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை வாங்கப்பட்டவை 22,217 பத்திரங்கள். அதிகம் வாங்கியது கோவையோடு தொடர்புள்ள லாட்டரி நிறுவனம் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதிகம் பெற்றது பா.ஜ.க., சுமார் 6,060 கோடி. தி.மு.க. ஃபியூச்சர் கேமிங்கிடமிருந்து 509 கோடி வாங்கியதாகத் தானே தெரிவித்திருந்தது. உங்கள் கட்சிக்குப் பிடித்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பத்திரம் வாங்காத கட்சியும் உண்டு. மார்க்சிஸ்ட் கட்சி இந்த வழக்கில் மனுதாரராகவே நின்றது.

பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கினால் சன்சத் மார்க்கில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை. பத்திரம் விற்க அனுமதி பெற்ற கிளைகளில் அதுவும் ஒன்று. பார்க்க ஒன்றுமில்லை, சாதாரண பாங்க்தான். ஆனாலும் நான் கூட்டிப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அங்கே நின்று ஒரு நிமிஷம் பார்க்கிறார்கள்.

விளம்பரம்: டிவி, தாள், போன்

இந்தப் பகுதி தன்னார்வலர்களுக்குத்தான் அதிகம் பயன்படும், ஏனென்றால் தெரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேபிள் டிவி விதிகள் அரசியல் விளம்பரத்தையே ஒரு காலத்தில் தடை செய்திருந்தன. 2004 மார்ச்சில் ஆந்திர உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கில் இருந்தது சன் குழுமத்தின் தெலுங்குச் சேனல் ஜெமினி. 2004 ஏப்ரல் 13-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாக ஒரு வழி சொன்னது: விளம்பரம் போகலாம், ஆனால் முன்கூட்டியே தேர்தல் ஆணையம் அமைக்கும் குழு பார்த்துச் சான்று தர வேண்டும். இன்று எம்.சி.எம்.சி. என்று எல்லோரும் சொல்லும் ஊடகச் சான்றளிப்புக் குழு அந்தத் தீர்ப்பின் பிள்ளை. பிறகு ரேடியோ, சினிமா தியேட்டர், மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்., குரல் செய்தி, சமூக ஊடக விளம்பரம் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. பேப்பர் விளம்பரத்துக்கு வாக்குப்பதிவு நாளும் அதற்கு முந்தின நாளும் சான்று வேண்டும்.

சான்று வாங்கப் போகிறவருக்கு: கட்சியோ வேட்பாளரோ என்றால் ஒளிபரப்புக்கு மூன்று நாள் முன், மற்றவர்கள் ஏழு நாள் முன் விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் பிரதிகள், அதில் பேசப்படும் வசனம் எழுத்தில், தயாரிப்புச் செலவு, ஒளிபரப்புச் செலவு, எத்தனை தடவை ஓடும் என்ற விவரம். தமிழில் எடுத்த விளம்பரம் என்றால் வசனத்தை மொழிபெயர்த்தும் வைத்துக்கொண்டு போங்கள், காத்திருப்பு குறையும். செலவு விவரத்தைக் கேட்பது சும்மா இல்லை. சான்றோடு சேர்ந்து அந்தத் தொகை செலவுப் பிரிவுக்குப் போகிறது. நம் முதல் பக்கக் கேள்வியை இந்த விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் டெல்லியில் ஆம் ஆத்மி கட்சியின் பிரசாரப் பாட்டைச் சில மாற்றங்கள் செய்து கொண்டுவரச் சொன்னபோது பெரிய சர்ச்சையானது. ஆக உள்ளடக்கத்தையும் பார்ப்பார்கள். சான்று கேட்டபின் கத்திரிப்பதை விட எழுதும்போதே கேபிள் விளம்பர விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது "நண்பர்கள்". ஆர்.கே.புரத்திலோ கரோல் பாக்கிலோ நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து, தமிழர் ஓட்டை இன்னாருக்குப் போடுங்கள் என்று சொந்தக் காசில் துண்டுப் பிரசுரம் அடிக்கலாம் என்று கிளம்புவார்கள். நில்லுங்கள். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவரை ஜெயிக்க வைக்கச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 176-இன்படி குற்றம், பழைய ஐ.பி.சி.-யில் இது 171எச். பத்து ரூபாய்க்குள் செலவாகியிருந்தால் பத்து நாளுக்குள் அனுமதி வாங்கித் தப்பிக்கலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. பத்து ரூபாய்க்கு இன்று டெல்லியில் ஒரு டீ வருமா என்பது சட்டம் எழுதியவர்களுக்கே வெளிச்சம். அனுமதி இருந்தாலும் 127ஏ-படி பிரசுரத்தின் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட. அச்சகக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் போடச் சொல்லுங்கள்.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கூடாது என்பது 126. இதைப் பெரும்பாலும் எல்லோரும் அறிவார்கள். பெயரில்லாத போஸ்டர், சந்தேகமான வண்டி கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் புகார் வசதியான சி-விஜிலில் அங்கேயே படம் எடுத்து அனுப்பலாம். 100 நிமிஷத்தில் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. சமூக ஊடகத்தில் யார் காசு கொடுத்தார்கள் என்று பார்க்க மெட்டாவின் விளம்பர நூலகமும் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கமும் இருக்கின்றன.

விளம்பரத்தின் வார்த்தைகளுக்காக நீதிமன்றம் போன ஒரு வழக்கு 2024 மே மாதத்தது. திரிணாமுல் காங்கிரசுக்கு எதிரான பா.ஜ.க. விளம்பரங்களை கல்கத்தா உயர் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்ற விடுமுறைக்கால அமர்வில் நீதிபதிகள் மகேஸ்வரியும் பொள்ளாச்சிக்காரரான கே.வி.விஸ்வநாதனும் தலையிட மறுத்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தாலே இழிவுபடுத்தும் விளம்பரங்கள் என்று சொன்னார்கள். மனு திரும்பப் பெறப்பட்டது.

செய்தி வேஷத்தில் வரும் விளம்பரம், சர்க்கார் விளம்பரம்

காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போடுவது, பெய்டு நியூஸ், யார் கணக்கிலும் ஏறாத ரூபாய்க்கு நல்ல உதாரணம். 2009 மகாராஷ்டிரத் தேர்தலை ஒட்டி, அன்றைய முதல்வர் அசோக் சவான் மீது எழுந்த பெய்டு நியூஸ் வழக்கில், 2014 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னது: வேட்பாளர் கணக்கு கொடுத்தாரா என்பதை மட்டுமில்லை, கொடுத்த கணக்கு உண்மையா என்றும் தேர்தல் ஆணையம் விசாரிக்கலாம். ஆனால் அதன் பேரில் ஆணையம் சவானுக்கு எதிராகப் போட்ட உத்தரவை அந்த வருஷமே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மத்தியப் பிரதேச அமைச்சராக இருந்த நரோத்தம் மிஸ்ராவை இதே பெய்டு நியூஸ் காரணத்துக்காக ஆணையம் 2017-ல் தகுதி நீக்கம் செய்ததும் 2018-ல் அதே நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ரசீது இல்லாத பணத்தை நிரூபிப்பது அவ்வளவு கஷ்டம். என் தொழிலுக்கும் இதில் பங்கு இருப்பதால் இதற்கு மேல் உபதேசம் பண்ணக் கூச்சமாக இருக்கிறது.

சர்க்கார் காசில் வரும் விளம்பரத்துக்கு 2015 மே 13 காமன் காஸ் தீர்ப்பு. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போடலாம் என்றது. மாநிலங்கள் கொதித்தன, 2016 மார்ச்சில் முதல்வர், ஆளுநர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. டெல்லியில் பஸ் ஸ்டாப் பலகைகளைப் பார்த்தாலே அந்த மாற்றம் தெரியும்.

நம்மூர் இலவச டிவி, மிக்ஸி, கிரைண்டர் விவகாரமும் இந்த வரிசையில்தான்: சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு, 2013 ஜூலை 5. எழுதியவர் நீதிபதி சதாசிவம். தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி 123-இன்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனால் ஆணையம் வழிகாட்டுதல் வகுக்க வேண்டும் என்றது. 2022 ஆகஸ்டில் இது மூன்று நீதிபதிகள் பார்வைக்கு அனுப்பப்பட்டது. வட இந்திய நண்பர்கள் "உங்க ஊர் ஃப்ரீபீ" என்று ஆரம்பித்தால் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகிற நாள்

உச்ச நீதிமன்றத்துக்கு அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது, புளூ லைன். கரோல் பாக், மயூர் விஹார் ஆட்களுக்கு ஒரே வண்டி. பழைய ஆட்கள் பிரகதி மைதான் என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். நீதிமன்றத்தின் சுஸ்வாகதம் தளத்தில் முந்தின நாளே இ-பாஸ் போட்டுக்கொள்ளுங்கள்; அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வழக்கு எந்த அறை, எத்தனையாவது என்பதைக் காஸ் லிஸ்ட்டில், அதாவது அன்றைய வழக்குப் பட்டியலில், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திங்களும் வெள்ளியும் புது மனுக்கள் கூட்டம்; நீண்ட வாதம் கேட்க வேண்டுமானால் நடுவாரம். அரசியல் சாசன அமர்வு என்றால் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம், ஒருமுறையாவது நேரில் போங்கள் என்பது என் ஆசை. உள்ளே போனைத் தொடாதீர்கள்.

தேர்தல் மனுக்கள் அங்கே ஆரம்பிப்பதில்லை. ஒருவரின் வெற்றியை எதிர்ப்பவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். டெல்லியில் அது ஷேர் ஷா ரோட்டில், பக்கத்திலேயே. ஜெயித்தவரின் கணக்கு 30 நாளில் வரும், வழக்குப் போட 45 நாள். நடுவில் இருப்பது பதினைந்தே நாள். அதற்குள் கணக்கைப் புரட்டி ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஜூனியர்கள் ஏன் அப்போது தூங்குவதில்லை என்று தெரியும்.

ஒரு ரூபாய் கட்டிப் பாருங்கள்

தீர்ப்புகளை மட்டும் படித்தால் ருசி தெரியாது. உங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். டெல்லி தலைமைத் தேர்தல் அதிகாரி அலுவலகம் காஷ்மீரி கேட்டில், பழைய செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கிறது. கணக்குகளைத் தளத்தில் ஏற்றுவார்கள். காகிதத்தில் பார்க்க வேண்டுமானால் மாவட்டத் தேர்தல் அதிகாரி அலுவலகம். 1961-ஆம் வருஷத் தேர்தல் நடத்தை விதிகளில் 88-ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்வையிடலாம். கவுண்டரில் "எதற்கு?" என்று கேட்பார்கள். விதி எண்ணைச் சொல்லுங்கள், சண்டை போடாதீர்கள். முதல் நாள் முடியாவிட்டால் இரண்டாம் நாள் போங்கள். சில்லறையாக ஒரு ரூபாய் நாணயம் எடுத்துப் போவது உத்தமம்.

உள்ளே மூன்று விஷயங்களை ஒப்பிடுங்கள்: வேட்பாளர் எழுதிய தினசரிப் பதிவேடு, ஆணையம் அனுப்பும் செலவுப் பார்வையாளரின் ஆட்கள் தாங்களே பார்த்து எழுதிய நிழல் பதிவேடு, மாவட்டத்தின் விலைப் பட்டியல். நாற்காலி, ஷாமியானா, சமோசா, டீ, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பட்டியலில் விலை போட்டிருக்கும். பிறகு நீங்களே போன கூட்டம் ஏதாவது இருந்தால் அந்தத் தேதியைத் தேடுங்கள். அன்று எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் கையில் டீ கப் இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கணக்கில் எத்தனை டீ என்று பாருங்கள்.